கம்பியில் விழுந்த கோணல்

சரித்திரம் என்றால் சண்டையும் முடிசூட்டு விழாவும்தான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எந்த ராஜா எந்த ஆண்டில் யாரை ஜெயித்தான் என்று நெட்டுருப் போட்டால் பரீட்சையில் தேறிவிடலாம். ஆனால் மனிதனுடைய பிழைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை யாரும் பாடமாக வைப்பதில்லை. அந்தப் பிழைகளுக்குள் எனக்கு மிகவும் பிடித்தவை, ஒரு காகிதத்தின் நகலைக் கம்பி வழியே அனுப்பப் புறப்பட்டவர்களுக்கு நேர்ந்த பிழைகள். ஃபேக்ஸ் என்றும் தொலைநகல் என்றும் நாம் சொல்லும் சங்கதியைத்தான் குறிப்பிடுகிறேன்.

ஃபேக்ஸ் என்றதும் பலருக்கு 1980-களின் ஆபீஸ் ஞாபகம் வரும். டெலிபோனுக்குப் பிறகு வந்த டெலிபோனின் குழந்தை என்று நினைப்பார்கள். அப்படி அல்ல. கிரஹாம் பெல் டெலிபோனுக்குப் பேடன்ட் வாங்கியது 1876-ல். நகலைக் கம்பியில் அனுப்பும் முறைக்கு ஒருவர் பேடன்ட் வாங்கியது 1843-ல். குழந்தை தாயைவிட முப்பத்து மூன்று வயது மூத்தது!

அந்த மனிதர் அலெக்ஸாண்டர் பெயின். ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து, கடிகாரக்காரர் ஒருவரிடம் தொழில் கற்றவர். கடிகாரக்காரருக்கு எதைப் பார்த்தாலும் ஊசல்தான் கண்ணில் படும் போலிருக்கிறது. இங்கே ஓர் ஊசல், அங்கே ஓர் ஊசல். இங்கேயுள்ள ஊசலின் முனை உலோக எழுத்துக்களின் மீது உரசிக்கொண்டு போகிறது. எழுத்தைத் தொட்டால் மின்சாரம் பாயும்; இடைவெளியில் நின்றுவிடும். அங்கேயுள்ள ஊசல் மருந்து தடவிய காகிதத்தின் மீது அதே வேகத்தில் ஆடுகிறது. மின்சாரம் வந்தால் காகிதத்தில் கறை விழும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காகிதம் ஒரு கோட்டளவு நகரும். கோடு கோடாகச் சேர்ந்து எழுத்து உருவாகிவிடும். இன்றைய ஃபேக்ஸின் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான். பெயின் சொன்னதற்கு மேல் பிற்காலத்தார் செய்ததெல்லாம் நகாசு வேலை என்றே சொல்லலாம்.

ஆனால் "அதே வேகத்தில்" என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேனே, அங்கேதான் முதல் பிழை உட்கார்ந்திருந்தது.

பிரடெரிக் பேக்வெல் என்ற ஆங்கிலேயர் ஊசலுக்குப் பதிலாக உருளையை வைத்துக்கொண்டார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அதை நடத்தியும் காட்டினார். வெள்ளீயத் தகட்டின் மீது மின்சாரம் கடத்தாத மையால் எழுதி உருளையில் சுற்றிவிட்டால், மறு உருளையில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் செய்தி தெரியும். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் இரண்டு உருளைகளும் ஒரே வேகத்தில் சுழன்றால்தானே? கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே உள்ள உருளை ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் அது கண்ணுக்கே தெரியாது. நூறு சுற்று ஆனதும் எழுத்து உருளையின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்துபோயிருக்கும். நேராக எழுதிய கோடு சாய்ந்து விழும். எழுதியவர் நிதானமாக எழுதியிருப்பார். வந்து சேர்ந்த எழுத்து குடித்துவிட்டு எழுதியதுபோல் இருக்கும்.

இந்தக் கோணலை நிமிர்த்தியவர் ஒரு பாதிரியார். இத்தாலியில் சியன்னா நகரில் 1815-ல் பிறந்த ஜொவான்னி காஸெல்லி. மோடெனாவில் ஓர் அரசியல் கலகத்தில் கலந்துகொண்டதற்காக 1849-ல் அந்த ராஜ்யத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, பிளாரன்ஸ் வந்து பௌதிகம் கற்பித்தார். அவர் செய்த யந்திரம் ஆள் உயரத்தையும் தாண்டியது; இரண்டு மீட்டர் உயரமுள்ள வார்ப்பிரும்பு. அதில் நீண்ட ஊசலும் அதன் நுனியில் கனத்த இரும்பும் தொங்கின. பெயினும் பேக்வெல்லும் ஓடும் யந்திரத்தையே நம்பி இருந்தார்கள். காஸெல்லி அதை நம்பவில்லை. தனியாக ஒரு கடிகாரத்தை வைத்து, அது ஊசலைக் கட்டுப்படுத்தும்படி ஏற்பாடு செய்தார். தப்பு செய்யக்கூடியவனுக்குப் பக்கத்தில் தப்பு செய்யாத ஒருவனை நிறுத்திவைக்கும் யுக்தி. மூன்றாம் நெப்போலியன் அதைப் பார்த்து ஆதரவு கொடுத்தார். 1865-ல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. இரண்டு வருஷத்தில் மார்ஸேல் வரை போயிற்று.

அதை யார் உபயோகித்தார்கள் தெரியுமா? காதலர்கள் அல்ல. வங்கிக்காரர்கள்! கையெழுத்து சரிதானா என்று ஒத்துப் பார்ப்பதற்கு. அந்தக் கோணலின் விலை அப்போதுதான் உலகத்துக்குப் புரிந்தது. கடிதத்தில் எழுத்து சாய்ந்தால் படித்துக்கொள்ளலாம். கையெழுத்து சாய்ந்தால் பணம் கொடுப்பதா, போலீஸைக் கூப்பிடுவதா? 1870-ல் போர் வந்தது. பாதிரியாரின் யந்திரங்கள் அதன் பிறகு தலையெடுக்கவில்லை.

அடுத்த பிழை ஒரு வரமாக வந்தது. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காக வில்லோபி ஸ்மித் என்ற பொறியாளர் செலினியம் என்ற பொருளின் துண்டுகளை உபயோகித்து வந்தார். அளந்தபோதெல்லாம் வேறு வேறு கணக்கு வந்தது. வேறொருவராக இருந்தால் மட்டமான சரக்கு என்று கடலில் எறிந்திருப்பார். அவர் விடவில்லை. பெட்டியை மூடினால் ஒரு கணக்கு, திறந்தால் ஒரு கணக்கு. வெளிச்சம் படும்போது செலினியம் மின்சாரத்தைத் தாராளமாக விடுகிறது என்று 1873-ல் உலகத்துக்கு அறிவித்தார். இனி எழுத்தை ஊசியால் உரசிப் பார்க்க வேண்டியதில்லை, வெளிச்சத்தால் பார்க்கலாம். அதாவது போட்டோவையே அனுப்பலாம்.

மியூனிக் நகரத்துப் பேராசிரியர் ஆர்தர் கோர்ன் அதைத்தான் செய்தார். 1907-ல் மியூனிக்கிலிருந்து பெர்லினுக்குப் படம் போயிற்று. ஆனால் செலினியம் கொஞ்சம் மந்தபுத்தி. வெளிச்சம் போன பிறகும் அது போனதை உடனே உணராது. அதனால் கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடமெல்லாம் ஈழுவிக்கொண்டு போகும். மூக்கு கன்னத்தில் வழியும். கோர்ன் என்ன செய்தார் என்றால், இன்னொரு செலினியத் துண்டையே அதற்கு எதிராக நிறுத்தினார். ஒன்றின் மந்தம் மற்றொன்றின் மந்தத்தை அழித்துவிட்டது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். யூதர் என்பதால் அந்தப் பேராசிரியருக்கு நாஜி ஜெர்மனியில் இடமில்லாமல் போயிற்று. 1939-ல் நாட்டை விட்டுப் புறப்பட்டு, 1945-ல் அமெரிக்காவில் காலமானார். மனிதர்களின் மந்தத்துக்கு அவரால் மாற்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு பத்திரிகைகள் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டன. 1928-ல் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் முடிசூட்டுப் படங்கள் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்குக் கம்பியில் போயின. 1935-ல் அமெரிக்காவில் அஸோஸியேட்டட் பிரஸ் தன் கம்பிப்பட சேவையைத் தொடங்கியது. நம் சென்னையிலும் 1969-ல் 'தி ஹிந்து' பத்திரிகை, கோத்து முடித்த பக்கத்தை அப்படியே நகலாக வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. இவர்களெல்லாம் தனியாக வாடகைக்கு எடுத்த நல்ல கம்பிகளை வைத்திருந்தவர்கள். நானும் நீங்களும் பேசுகிற சாதாரண டெலிபோன் கம்பியில் காகிதம் ஏறியபோதுதான் பிழைகளின் திருவிழா ஆரம்பமாயிற்று.

1966-ல் ஜெராக்ஸ் கம்பெனி ஒரு சிறிய யந்திரத்தைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிஷம். டெலிபோன் ரிஸீவரை எடுத்து அதன் தொட்டிலில் படுக்க வைக்க வேண்டும். யந்திரம் ரிஸீவரிடம் கூவும். மறுமுனை யந்திரம் காது கொடுத்துக் கேட்கும். கம்பியின் இரைச்சலோடு அறையின் இரைச்சலும் சேர்ந்து கொள்ளக்கூடிய ஏற்பாடு. இரைச்சல் வந்தால் படத்தில் ஒரு கீறல் விழும். அவ்வளவுதான், மற்றக் கோடுகள் சுகமாக இருக்கும்.

இந்த ஆறு நிமிஷத்தை ஒரு நிமிஷமாகக் குறைக்கும் வழி ஒரு மாணவனுடைய பரீட்சை பயத்திலிருந்து பிறந்தது. 1951-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியில் ராபர்ட் ஃபானோ என்ற ஆசிரியர் மாணவர்களிடம், "பரீட்சை எழுதுகிறீர்களா, அல்லது ஒரு கட்டுரை எழுதுகிறீர்களா?" என்ற மாதிரி ஒரு சலுகை கொடுத்தார். டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அடிக்கடி வருவதற்குச் சுருக்கமான குறியும், அபூர்வமாக வருவதற்கு நீளமான குறியும் கொடுப்பதில் எது ஆகச் சிறந்த வழி என்பது விஷயம். ஆசிரியருக்கே பிடிபடாதிருந்த விடையை மாணவர் கண்டுபிடித்துவிட்டார். 1980-ல் உலக நாடுகளின் தந்தி, டெலிபோன் கலந்தாலோசனைக் குழு மூன்றாம் வகை ஃபேக்ஸுக்கு விதி வகுத்தபோது ஹஃப்மனின் வழியையே எடுத்துக்கொண்டது. காகிதத்தின் ஒரு கோட்டில் 1728 புள்ளிகள். கோடு முழுவதும் வெள்ளை என்றால் 1728 தடவை "வெள்ளை, வெள்ளை" என்று சொல்ல வேண்டாம். 17 குறிகளில் சொல்லிவிடலாம்.

சிக்கனம் என்றால் அபாயமும் உண்டு. வளவளவென்று பேசுகிறவன் பேச்சில் இரண்டு வார்த்தை காதில் விழாவிட்டால் குடி முழுகாது. தந்தி வாசகத்தில் ஒரு வார்த்தை விழாவிட்டால் அர்த்தமே மாறிவிடும். சுருக்கிய கோட்டில் ஒரே ஒரு குறி கெட்டாலும் அந்தக் கோட்டின் மீதிப் பகுதி முழுவதும் கெட்டது. ஆகவே ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் பதினொரு பூஜ்யமும் ஓர் ஒன்றும் சேர்ந்த ஓர் அடையாளத்தை வைத்தார்கள். வழி தப்பிய யந்திரம் அந்த மைல்கல்லைப் பார்த்ததும் மறுபடி வழியைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் சுருக்க ஆசைப்பட்டு, "மேல் கோட்டிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் சொல்" என்றும் ஒரு முறை வைத்தார்கள். அப்போது மேல் கோட்டின் பிழை கீழ்க் கோட்டுக்கும் சொத்தாகப் போய்ச் சேரும். அப்பன் கடன் பிள்ளைக்கு, பிள்ளை கடன் பேரனுக்கு. அதைத் தடுக்க, சாதாரணத் தரத்தில் இரண்டு கோட்டுக்கு ஒரு தடவை, நுண்ணிய தரத்தில் நான்கு கோட்டுக்கு ஒரு தடவை, யாரையும் சாராத ஒரு கோட்டை அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். கடனுக்கு இப்படி ஒரு வரம்பு குடும்பங்களிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம் யந்திரங்களுக்கு நல்ல நடத்தையும் கற்பித்தார்கள். ஒரு ஃபேக்ஸ் உரையாடலுக்கு ஐந்து கட்டங்கள். கதவைத் தட்டுவது, குசலம் விசாரித்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று ஒப்புக்கொள்வது, பக்கத்தைக் கொடுப்பது, "கிடைத்ததா?" என்று கேட்டுப் பதில் வாங்குவது, விடைபெறுவது. இரண்டாவது கட்டத்தில் ஒன்றரை விநாடிக்கு வெறும் பூஜ்யமாகவே அனுப்பிப் பார்ப்பார்கள். அது சுத்தமாகப் போய்ச் சேராவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் ஒத்திகை. 1980-களில் பிழை திருத்தும் முறை ஒன்றும் சேர்ந்தது. பக்கத்தைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சோதனைக் கணக்கை ஒட்டி அனுப்புவார்கள். கணக்கு உதைக்கிற பொட்டலத்தை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்லலாம். நாலு தடவை கேட்டும் சரியாக வராவிட்டால் வேகத்தைக் குறைப்பது, இல்லையேல் கைவிடுவது.

இந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் உள்ளே நுழைந்தது. 1985-ல் காமாலிங்க் என்ற கம்பெனி கம்ப்யூட்டருக்குள் செருகும் ஃபேக்ஸ் அட்டையைக் கொண்டுவந்தது. 1990-களில் கனடாவின் டெல்ரினா கம்பெனி செய்த வின்ஃபேக்ஸ் என்ற மென்பொருள் வீட்டுக்கு வீடு புகுந்தது. காகிதமே வேண்டாம், எழுதியதை அப்படியே அனுப்பலாம். ஆனால் பழைய ஃபேக்ஸ் யந்திரத்துக்கு உலகத்தில் அந்த ஒரு வேலைதான். கம்ப்யூட்டருக்கு ஆயிரம் ஜோலி. ஃபேக்ஸ் விதியிலோ ஒரு பேச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு விநாடியில் பதிமூன்றில் ஒரு பங்கு மௌனம் வேண்டும் என்பது போன்ற கண்டிப்புகள் உண்டு. கம்ப்யூட்டர் வேறு எதையோ தட்டில் எழுதிக்கொண்டிருந்துவிட்டு வருவதற்குள் மறுமுனைக்காரன் பொறுமை இழந்து ரிஸீவரை வைத்துவிடுவான். அந்த நாள் கம்ப்யூட்டர்களில் மோடத்திலிருந்து வரும் எழுத்தைத் தாங்கும் வாசல் ஒரே எழுத்தைத்தான் பிடித்து வைக்கும். அடுத்தது வருவதற்குள் எடுக்காவிட்டால் முதலாவது போச்சு. பிறகு பதினாறு எழுத்தைப் பிடித்து வைக்கும் சில்லு வந்ததும் பாதி வியாதி தீர்ந்தது. பாருங்கள்: பெயினின் ஊசலில் தொடங்கிய அதே வழக்கு! இருவரும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் நூற்றைம்பது வருஷம் கழித்தும் உதைத்தது.

வைத்தியம் செய்தவர்கள் ஒரு முறையைக் கைக்கொண்டார்கள். அது இன்றும் செல்லும். முதலில் பேச்சு எந்தக் கட்டத்தில் முறிந்தது என்று மென்பொருளின் குறிப்பேட்டில் பார்க்க வேண்டும். குசலம் விசாரிக்கும்போதே முறிந்தால் வேகத்திலோ மோடத்தின் வகையைச் சொல்வதிலோ தகராறு. பக்கத்தின் நடுவில் முறிந்தால் கம்பியில் இரைச்சல், அல்லது கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம், அல்லது அந்தச் சமயத்தில் இன்னோர் அழைப்பு வந்து நடுவில் மணி அடித்திருக்கிறது. பக்கம் முடிந்த பிறகு முறிந்தால் பதில் வந்து சேரவில்லை. அதன் பின் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: வேறு நம்பருக்கு அனுப்பிப் பார், வேறு கம்பியில் அனுப்பிப் பார், வேகத்தை 9600-க்குக் குறைத்துப் பார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவன், நாலு வைத்தியரின் மருந்தையும் ஒன்றாக விழுங்கியவனைப் போல, எது குணப்படுத்தியது என்று தெரியாமலே பிழைத்திருப்பான்.

தமிழ் எழுத்தாளர்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் ஃபேக்ஸ் ஒரு தனி உபகாரம் செய்தது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. நான் அனுப்புவது என் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பொறி பறக்கும் பிதற்றலாகத் தெரியும். 1999-ல் சென்னையில் கூடிய மாநாடு ஒரு தரத்தை வகுத்தும் உடனே எல்லாரும் மாறிவிடவில்லை. ஃபேக்ஸுக்கோ பாஷை தெரியாது. அது படத்தைத்தான் அனுப்புகிறது. ஜப்பானியர்கள் தங்கள் ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துக்களுக்காக ஃபேக்ஸைக் கட்டிக்கொண்டதற்கும் காரணம் இதுவே. அந்த நாட்களில் நான் ஒரு பத்திரிகைக்கு ஒரு கதையைக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபேக்ஸில் அனுப்பினேன். "சரியாகப் போய்ச் சேர்ந்தது" என்று என் திரையில் சான்றிதழ் வந்துவிட்டது. மறுநாள் காரியாலயத்திலிருந்து டெலிபோன். "சார், மூணாம் பக்கத்திலே ஒரு வரி இழுவிப் போச்சு. அந்தப் பொண்ணு கடைசியிலே வராளா, வரலையா?" கதையே அந்த ஒரு வரியில்தான் இருந்தது. பிழை திருத்தும் முறை இல்லாத யந்திரம் கெட்ட கோடுகள் ஓரளவுக்குள் இருந்தால் "கிடைத்தது" என்று சொல்லிவிடும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் வரி இழுவியிருந்ததால் அல்லவா அவர்கள் கேட்டார்கள்? நான் சொன்னேன், கதை சரியாக அச்சாயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2013-ல் நடந்த ஒரு சம்பவத்துக்காக. டேவிட் கிரீஸல் என்ற ஜெர்மானியர் ஒரு கட்டிட வரைபடத்தை நவீன ஜெராக்ஸ் யந்திரத்தில் நகல் எடுத்தார். வெவ்வேறு அளவுள்ள மூன்று அறைகளுக்கும் நகலில் 14.13 சதுர மீட்டர் என்றே இருந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒரே மாதிரி தெரியும் சிறு உருவங்களை ஒன்றாகப் பாவித்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஒட்டும் ஒரு சுருக்க முறை அதற்குள் இருந்தது. அது இலக்கங்களையே மாற்றி ஒட்டிவிட்டது. கீறல் இல்லை, இழுவல் இல்லை, கோணல் இல்லை. எண் பளிச்சென்று, அழகாக, தப்பாக இருந்தது. கம்பெனி பிறகு திருத்த மென்பொருள் வெளியிட்டது. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை காகிதங்கள் அப்படி அழகாகத் தப்பியிருக்கும் என்று யார் கணக்குச் சொல்வது? மருந்துச் சீட்டில் 6 என்பது 8 ஆனால்?

ஃபேக்ஸ் இன்று அந்திம காலத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவத் துறை 2019-லிருந்து புதிய ஃபேக்ஸ் யந்திரம் வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. டெலிபோன் கம்பியும் மறைந்து இன்டர்நெட் வழியே குரல் போகத் தொடங்கியபோது, மனிதக் குரலுக்காகவே செய்த சுருக்கம் ஃபேக்ஸின் கூவலைச் சிதைத்தது. அதற்கும் 1998-ல் ஒரு விதி செய்து, முன்னால் போன பொட்டலத்தின் பிரதியைப் பின்னால் போவதோடு சேர்த்துக் கட்டி அனுப்பி, கிழவனைக் கைப்பிடித்து நடத்திவந்தார்கள்.

போகட்டும், போக வேண்டியதுதான். ஆனால் பெயினிலிருந்து இன்றுவரை அந்தக் கம்பியில் விழுந்த கோணலும் கீறலும் இழுவலும், "இங்கே ஏதோ தப்பு, அனுப்பியவரைக் கேள்" என்று படிக்கிறவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. தன்னைக் காட்டிக்கொடுக்கும் பிழையால் பெரிய நஷ்டம் வந்துவிடாது. சுத்தமாகச் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வரும் பிழையிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இனி வரும் யந்திரங்கள் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓடட்டும். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று ஒரு கீறல் போடும் குணத்தை மட்டும் அந்தப் பழைய ஃபேக்ஸிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.